யூ-995-ஐ நேரில் பார்த்து மாடல் கட்ட: லபோ பயணத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி கட்டிய நீர்மூழ்கிகளில் மிக அதிகம் 7-ஆம் வகைதான், ஏறத்தாழ 700. அத்தனையிலும் இன்று முழு உடலோடு மிஞ்சி நிற்பது யூ-995 ஒன்றுதான். வடஜெர்மனியில் கீல் நகரத்துக்குப் பக்கத்தில் லபோ என்ற சின்னக் கடற்கரை ஊர் இருக்கிறது, அங்கே மணல்மேல் தாங்கிகள் அமைத்து இந்தப் படகை உட்கார வைத்திருக்கிறார்கள். இந்தப் படகின் பிளாஸ்டிக் மாடல் பாகங்கள் அடங்கிய கிட்டை, ரெவெல் நிறுவனத்தின் 1/72 அளவிலோ (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) டிரம்பெட்டரின் 1/48 அளவிலோ வாங்கிப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருப்பவர்கள், ஐரோப்பாப் பக்கம் போக ஒரு வாய்ப்புக் கிடைத்தால் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது. ஆனால் சும்மா போய் நூறு படம் எடுத்துக்கொண்டு வந்தால் மேசையில் உட்காரும்போது அதில் பாதி உதவாது. எதைப் பார்க்க வேண்டும், எதை நம்பக்கூடாது, எப்படிப் படம் எடுத்தால் பின்னால் அளவெடுக்க முடியும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போவதற்கு முன்: இது மூன்று காலத்துப் படகு

மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யூ-995 ஹாம்பர்கில் புளோம் உன்ட் ஃபோஸ் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. 1943 ஜூலையில் தண்ணீரில் இறங்கியது, செப்டம்பர் 16 அன்று கடற்படையில் சேர்ந்தது. நார்வேயைத் தளமாகக் கொண்டு வடகடல்களில், ஆர்க்டிக் பக்கம் போகும் கப்பல் வரிசைகளுக்கு எதிராக இயங்கியது. 1945 மே மாதம் போர் முடிந்தபோது டிரோன்ஹெய்மில் இருந்தது, அங்கேயே சரணடைந்தது. இது முதல் காலம். அப்புறம் நார்வே கடற்படை இதைத் தானே எடுத்துக்கொண்டு, 1952 முதல் 1962 வரை 'கௌரா' என்ற பெயரில் ஓட்டியது. வேறொரு கடற்படை பத்து வருஷம் ஓட்டினால் கருவிகள், குழாய்கள், மேல்தளத்தின் நடுவே எழும் கோபுரம் என்று அதன் தேவைக்கேற்ப மாறத்தான் செய்யும். இது இரண்டாம் காலம். 1965-இல் படகு ஜெர்மனிக்குத் திரும்பியது. கீலில் வைத்துப் போர்க்காலத் தோற்றத்துக்கு மறுபடி கொண்டுவந்து, 1972 மார்ச் 13 முதல் லபோவில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை கடல்காற்றில் நிற்கிறது, துருவை எடுக்கிறார்கள், தகட்டை மாற்றுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள். இது மூன்றாம் காலம்.

ஆக, நீங்கள் படம் எடுக்கும் ஒவ்வொரு திருகாணியும் இந்த மூன்றில் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்ற கேள்வி எப்போதும் கூடவே வர வேண்டும். அழுத்தம் தாங்கும் உடல், பக்கவாட்டு டாங்குகளின் வளைவு, டார்பிடோக்களை (நீருக்கடியில் ஓடும் வெடிகணைகள்) ஏவும் குழாய்கள், டீசல் எஞ்சின்கள் இவையெல்லாம் கட்டியபோது வந்தவை, தைரியமாக நம்பலாம். கோபுரத்தின் மேல் இருப்பவை, கைப்பிடிகள், பீரங்கிகள், மேல்தளப் பரப்பு, மின்விளக்குகள், பெயின்ட் இவற்றைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பார்வையாளர்கள் நுழையவும் வெளியேறவும் உடலில் வெட்டிய வாசல்கள் முழுக்க மூன்றாம் காலத்தவை. மாடலில் அவை வரக்கூடாது என்பது தெளிவு, ஆனால் அந்த வாசலை ஒட்டி இருந்த நீர் ஓடும் துளைகளும் சேர்ந்து காணாமல் போயிருக்கலாம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

எந்தப் படகைக் கட்டப் போகிறீர்கள்?

டிக்கெட் போடுவதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். யூ-995 என்பது 7சி/41 ரகம், 7-ஆம் வகையில் 7சி என்ற ரகத்தின் பிற்காலத் திருத்தம். சாதாரண 7சி-யைவிட அழுத்த உடலின் தகடு தடிமன் அதிகம், 18.5 மில்லிமீட்டருக்குப் பதில் 21 மில்லிமீட்டர். முன்மூக்கு 13 சென்டிமீட்டர் அதிக நீளம், அதனால் மொத்த நீளம் 67.10 மீட்டரிலிருந்து 67.23 ஆனது. 1/72-இல் அந்த 13 சென்டிமீட்டர் 1.8 மில்லிமீட்டர். சின்ன எண்தான், ஆனால் மூக்கின் வடிவமே மாறுகிறது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும்.

நீங்கள் 1940-41 காலத்துப் படகு ஒன்றைக் கட்டுவதாக இருந்தால் லபோவில் பார்க்கும் மூக்கு உங்களுக்குப் பொருந்தாது, கோபுரமும் பொருந்தாது. அந்தக் காலத்தில் கோபுரத்துக்குப் பின்னால் ஒரே ஒரு சின்ன மேடைதான், முன்தளத்தில் 8.8 சென்டிமீட்டர் பீரங்கி இருக்கும். 1943-க்குப் பிறகு விமானங்கள் பெரிய ஆபத்தாக ஆனதும் மேடைகள் இரண்டாகி, மேலே இரட்டை 2 சென்டிமீட்டர் துப்பாக்கிகள், கீழே 3.7 சென்டிமீட்டர் என்று வந்தது, முன்தளப் பீரங்கியைக் கழற்றிவிட்டார்கள். பிற்காலப் படகு என்றால் லபோ உங்களுக்குத் தங்கம். முற்காலப் படகு என்றால் அடிப்பாகம், பின்பாகம், உள்பகுதி ஆகியவற்றுக்காகப் போங்கள், கோபுரத்தில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்று, உங்கள் படகு எந்தக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டியது என்று பாருங்கள். மேலுடல் ஓரத்தில் வரிசையாக இருக்கும் நீர் ஓடும் துளைகளின் அமைப்பு தளத்துக்குத் தளம் மாறும், ஒரே தளத்திலும் காலத்தோடு மாறும். யூ-552 புளோம் உன்ட் ஃபோஸில் கட்டியது, யூ-96 கீலில் கெர்மானியா தளத்தில் கட்டியது, இரண்டுக்கும் துளை அமைப்பு வேறு. லபோவில் எண்ணி வந்ததை அப்படியே எல்லாப் படகுக்கும் போட்டுவிட முடியாது.

வீட்டில் செய்துகொள்ள வேண்டிய தயாரிப்பு

கிட்டின் உடல் பாகங்களை ஒட்டாமல் டேப் போட்டுச் சேர்த்து, பக்கவாட்டில், மேலே, கீழே, முன்னே, பின்னே என்று படம் எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாள்கள்மேல் சிவப்புப் பேனாவால் கேள்விகளை எழுதுங்கள்: இந்தக் கோடு நிஜமா, இந்தத் துளை திறந்திருக்குமா மூடியிருக்குமா, இந்த மேடு எவ்வளவு உயரம், இந்த இரண்டு பரப்பும் சேரும் இடம் கூர்மையா வளைவா. நேரில் போனதும் கண் அலைபாயும், படகு அவ்வளவு பெரியது. தாளில் இருக்கும் கேள்விகள்தான் உங்களை வேலையில் பிடித்து வைக்கும்.

அதோடு போர்க்காலப் புகைப்படங்களைச் சேகரித்துப் போனில் வையுங்கள். ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் படங்கள் நிறைய இணையத்தில் கிடைக்கின்றன. 1941 ஆகஸ்டில் ஆங்கிலேயர் பிடித்த யூ-570 என்ற 7சி படகைப் பற்றி அந்தக் காலத்திலேயே விரிவான ஆய்வு அறிக்கைகள் எழுதப்பட்டன, அவையும் வாசிக்கக் கிடைக்கும். பிடித்த கையோடு எதிரி பிரித்துப் பார்த்து எழுதிய அறிக்கையைவிட நேர்மையான ஆதாரம் கிடைப்பது கஷ்டம்.

பையில் வைக்க வேண்டியவை அதிகம் இல்லை. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கட்டம் என்று கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி ஒட்டிய மடக்கு அளவுகோல் ஒன்று, உள்ளே பயன்படுத்த அதே மாதிரி உள்ளங்கை அளவு அட்டை ஒன்று. அகலக் கோண லென்ஸ் உள்ள போன், வெளியே எடுக்க 85 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் போட்ட கேமரா. கூடுதல் பேட்டரி. கேமராவுக்கு முக்காலி வேண்டாம், உள்ளே விரிக்க இடமே கிடையாது. முதுகுப்பையை லாக்கரிலோ கூட வந்தவரிடமோ விட்டுவிடுங்கள், அதோடு உள்ளே திரும்பினால் உங்களுக்கும் கஷ்டம், பின்னால் வருபவருக்கும் கஷ்டம்.

போய்ச் சேருவது

ஹாம்பர்கிலிருந்து கீலுக்கு ரயில், ஒன்றேகால் மணி நேரம் மாதிரி ஆகும். கீல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்தே லபோவுக்குப் பஸ்ஸும் உண்டு, படகுப் போக்குவரத்தும் உண்டு. நேரம் இருந்தால் ஒரு வழியாவது படகில் போங்கள், கீல் துறைமுகத்தையும் கப்பல் தளங்களையும் பார்த்துக்கொண்டே போகலாம். திறக்கும் நேரம் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் மாறும், கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை மாதங்களைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். இது கடற்கரை ஊர், குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபரில் வார நாளில், திறக்கும்போதே முதல் ஆளாக நின்றால் உள்பகுதி கொஞ்ச நேரமாவது உங்களுக்கே கிடைக்கும்.

வானம் மேகமாக இருந்தால் கவலைப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். மேகவெளிச்சத்தில் உடலின் அடிப்பாகம் கறுப்பாகிப் போகாது, எல்லா வளைவும் சமமாகத் தெரியும். வெயில் நாள் என்றால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: லபோ கடற்கழியின் கிழக்குக் கரையில் இருக்கிறது, கடல் மேற்குப் பக்கம். காலையில் படகின் நிலப்பக்கம் வெளிச்சம், மாலையில் கடல்பக்கம் வெளிச்சம்.

வெளிப்பக்கம்: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

படகு தாங்கிகளில் நிற்பதால், தண்ணீரில் மிதக்கும் அருங்காட்சியகப் படகுகளில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது, தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே இருக்கும் முழு உடலும். அதனால் உள்ளே ஓடாதீர்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் கூட்டம் வரும் முன் உள்பகுதியை முடித்துவிடுவது புத்திசாலித்தனம். அதன்பிறகு மிச்ச நாள் முழுக்க வெளியே.

முதலில் பக்கத்தோற்றம். ஒரே இடத்தில் நின்று அகல லென்ஸில் முழுப் படகையும் எடுத்தால் முனைகள் இரண்டும் சாய்ந்து நீண்டு தெரியும், அதில் அளவெடுக்க முடியாது. படகுக்கு இணையாக, ஒரே தூரத்தில், மூன்று மூன்று மீட்டராக நகர்ந்து, கேமராவைப் படகுக்கு நேராகப் பிடித்து வரிசையாக எடுங்கள். ஒவ்வொரு படமும் அடுத்ததோடு முக்கால் பங்கு ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். இந்த வரிசையை அப்படியே மெஷ்ரூம் மாதிரி இலவச மென்பொருளில் போட்டால் முப்பரிமாண உருவமே கிடைக்கும், அந்த நோக்கம் இருந்தால் இதே நடையை இன்னொரு முறை கேமராவைக் கொஞ்சம் மேல் நோக்கிச் சாய்த்து எடுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு விவரத்துக்கும் மூன்று படம்: எங்கே இருக்கிறது என்று தெரிய தூரத்திலிருந்து ஒன்று, முழு வடிவம் தெரிய ஒன்று, விளிம்பும் தடிமனும் தெரிய நெருங்கி ஒன்று. அளவுகோலைப் படம் பிடிக்கும் பரப்பின் தளத்திலேயே பிடிக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் முன்னால் பிடித்தாலே கணக்குத் தப்பும். படகைத் தொட்டுச் சாய்த்து வைக்காதீர்கள், கூட வந்தவரைப் பக்கத்தில் பிடித்து நிற்கச் சொல்லுங்கள்.

இனி எங்கே கண் வைக்க வேண்டும்.

நீர் ஓடும் துளைகள். கிட்டில் இந்தத் துளைகளின் ஓரத்தைப் பாருங்கள், பிளாஸ்டிக் தடிமன் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1/72-இல் அது 14 சென்டிமீட்டர் தடித்த இரும்பு. நிஜத்தில் அந்த வெளித்தகடு சில மில்லிமீட்டர்தான். லபோவில் துளைக்குப் பக்கத்தில் நின்று விளிம்பைப் பார்த்துவிட்டால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உள்பக்கத்திலிருந்து தேய்த்து மெலிதாக்கத் தோன்றும். துளைக்கு உள்ளே என்ன தெரிகிறது என்பதையும் எடுங்கள். உள்ளே அழுத்த உடலின் வளைவு, இடையில் நிற்கும் விலாச்சட்டங்கள், குழாய்கள் எல்லாம் இருளில் லேசாகத் தெரியும். 1/72-இல் துளைக்குப் பின்னால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தகடும் சில குறுக்குச் சட்டங்களும் வைத்தாலே அந்த ஆழம் வந்துவிடும். வெறும் கூடாக விட்டால் ஒரு பக்கத்துத் துளை வழியாக மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்து மாடலின் எடையே போய்விடும்.

வெல்டிங் கோடுகள். மாடல்காரர்களிடம் இந்தப் படகு படும் பாட்டில் பெரிய பாடு இதுதான். 7-ஆம் வகை வெல்டிங் செய்த படகு, விமானம் மாதிரிப் பள்ளமான பேனல் கோடுகள் இதில் கிடையாது. தகடுகள் சேரும் இடத்தில் மெல்லிய மேடுதான் இருக்கும், மூன்று மில்லிமீட்டர் மேடு என்றால்கூட 1/72-இல் 0.04 மில்லிமீட்டர், அதாவது ஒரு பெயின்ட் பூச்சின் கனம். ஆகவே கிட்டில் இருக்கும் பள்ளங்களை நிரப்பிவிட்டு, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி நடுவில் நீர்த்த பிரைமரை (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தடவி டேப்பை எடுப்பதே போதும். எந்தக் கோடு எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பதை மட்டும் லபோவிலிருந்து எடுத்து வாருங்கள். ஒட்டுப் போட்ட புதிய தகடுகள் இடையிடையே இருக்கும், சுற்றியிருக்கும் கோடுகளின் ஒழுங்கோடு சேராமல் தனியாகச் செவ்வகமாகத் தெரிந்தால் அது மூன்றாம் காலத்து வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

தகட்டின் நெளிவு. உடலின் முன்னோ பின்னோ நின்று, கன்னத்தை ஒட்டிப் பார்ப்பது போல நீளவாக்கில் பாருங்கள். வெளித்தகடு விலாச்சட்டங்களுக்கு இடையில் லேசாக உள்வாங்கியிருக்கும். எலும்பு துருத்தும் மாட்டின் விலா போல, ஆனால் மிக மிக மென்மையாக. சாய்வெளிச்சம் விழும் காலையிலும் மாலையிலும் இது நன்றாகத் தெரியும், நடுப்பகலில் மறைந்துவிடும். எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைப் படமெடுப்பதுதான் முக்கியம், ஏனென்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நெளிவு போட்ட மாடல்கள் நிறையப் பார்க்கிறோம், அது இரும்பாகத் தோன்றாமல் துணியாகத் தோன்றுகிறது.

பின்பாகம். மூன்று இலை கொண்ட புரொப்பெல்லர்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சுக்கான், நடுவில் பின்பக்கத்து ஒற்றை டார்பிடோக் குழாயின் வாய். இந்த மூன்றும் ஒன்றோடொன்று எந்த உயரத்தில், எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றன என்பது வரைபடத்தில் புரியாது, நேருக்கு நேர் பின்னால் நின்று எடுத்த ஒரு படம் புரிய வைத்துவிடும். புரொப்பெல்லர் இலையின் ஓரம் எவ்வளவு மெலிது, அடியில் எவ்வளவு தடிப்பு என்று தனியாக எடுங்கள். கிட்டில் இலைகள் எப்போதும் தடித்தே வரும்.

முன்பாகம். டார்பிடோக் குழாய் வாய்களை மூடும் கதவுகள் உடலின் வளைவோடு ஒன்றிப் போகும் விதம், முன்பக்கத்து ஆழச் சுக்கான்களின் பாதுகாப்புக் கம்பிகள், நங்கூரம் வலது பக்கம் மட்டும் இருப்பது. ஒலிகேட்கும் கருவியின் வட்ட வட்டமான உணரிகள் முன்சுக்கானைச் சுற்றி அரைவட்டமாக அமைவது இந்த வகைப் படகுகளின் வழக்கம், உங்கள் கிட்டில் அவற்றின் எண்ணிக்கையையும் இடத்தையும் நிஜத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடிப்பாகம் கடைசி. குனிந்து, தேவைப்பட்டால் மணலில் உட்கார்ந்து, அடிக்கட்டை உடலோடு சேரும் கோணத்தையும் டாங்குகளின் அடியில் தண்ணீர் புகும் திறப்புகளையும் எடுங்கள். தாங்கிகள் மறைக்கும் இடங்களைக் குறித்து வையுங்கள், அங்கே என்ன இருக்கிறது என்பதற்கு வரைபடத்தைத்தான் நாட வேண்டும்.

மேல்தளம் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். தளத்தில் ஏற முடியாது. ஆனால் படகுக்கு நேர் எதிரே லபோ கடற்படை நினைவுச்சின்னம் நிற்கிறது, கடல்மட்டத்திலிருந்து 85 மீட்டர் உயரம், உச்சியில் பார்வை மேடை உண்டு, லிஃப்டும் உண்டு. அங்கே ஏறி நீளமான லென்ஸில் கீழே பார்த்து எடுத்தால் கிட்டத்தட்ட மேல்தோற்ற வரைபடம் மாதிரியே ஒரு படம் கிடைக்கும். தளப்பலகைகளின் ஓட்டம், மூடிகளின் இடம், கோபுரத்துக்குப் பின்னால் மேடைகளின் வடிவம் எல்லாம் ஒரே பார்வையில் வந்துவிடும். இதற்காகவே அந்த டிக்கெட்டையும் சேர்த்து வாங்குங்கள். அந்த நினைவுச்சின்னம் முதல் உலகப்போரில் இறந்த ஜெர்மன் மாலுமிகளுக்காக எழுப்பியது, இப்போது கடலில் இறந்த எல்லா நாட்டு மாலுமிகளுக்குமான இடம். இந்த நீர்மூழ்கிகளில் போன ஏறத்தாழ 40,000 பேரில் 30,000 பேர் வரை திரும்பவில்லை, அவர்கள் மூழ்கடித்த கப்பல்களில் இறந்தவர்களும் பல்லாயிரம். கீழே இருக்கும் நினைவு மண்டபத்தில் கேமராவை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

உள்பகுதி

பின்பக்கம் ஏறி முன்பக்கம் இறங்குவதாக வழி அமைந்திருக்கிறது, ஒற்றை வரிசை, திரும்பி வர இடமில்லை. அதனால் முதல் முறை வீடியோ, இரண்டாம் முறை படங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள், இரண்டாம் முறைக்கு மறுபடி டிக்கெட் வாங்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. வீடியோ எடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள்: "இப்போ இடது பக்கம், டீசல் அறை, கண்மட்டம், குழாய் மூன்று வரிசை". பின்னால் ஒரே மாதிரித் தெரியும் ஐம்பது வால்வுப் படங்களை அடையாளம் காண இந்தக் குரல்தான் உதவும். ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பான பெயின்டில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து வடிவத்தைக் கெடுக்கும்.

ஏறியதும் வரும் பின்கோடி அறையில் மின்மோட்டார்களும் பின் டார்பிடோக் குழாயும். அடுத்தது டீசல் அறை, இருபுறமும் ஆறு ஆறு சிலிண்டர் எஞ்சின், நடுவில் ஒரு ஆள் போகும் இடம். அதன்பின் சமையல்கட்டு, ஒரு மனிதர் திரும்பும் அளவுதான், அங்கிருந்து நாற்பது ஐம்பது பேருக்குச் சமைத்தார்கள். மாலுமிகளின் படுக்கைப் பகுதி, அதைத் தாண்டி வட்டமான அழுத்தக் கதவு, கட்டுப்பாட்டு அறை.

கட்டுப்பாட்டு அறையில்தான் எல்லோரும் நின்றுவிடுவார்கள், நீங்களும் நிற்பீர்கள். சக்கரம் சக்கரமாக வால்வுகள், எல்லாமே முக்கியம்போலத் தோன்றும். இங்கே கருவிகளை ஒவ்வொன்றாக எடுப்பதைவிட, சுவரின் ஒவ்வொரு பகுதியையும் நேர்முகமாக, மேலிருந்து கீழாக, ஒன்றின்மேல் ஒன்று விழும்படி எடுப்பது நல்லது. 1/48-இல் உள்பகுதியோடு கட்டுபவருக்குத் தேவை குழாய்கள் ஒன்றையொன்று எந்த ஒழுங்கில் தாண்டுகின்றன, எது முன்னால், எது பின்னால் என்பதுதான். கிட்டில் அதெல்லாம் ஒரே தட்டையான புடைப்பாக வார்த்திருப்பார்கள். தலையைத் தூக்கிக் கூரையையும் எடுங்கள், அதை யாரும் எடுப்பதில்லை. 7சி-யில் வானம் பார்க்கும் பெரிஸ்கோப்பை இந்த அறையிலிருந்து இயக்குவார்கள், தாக்குதலுக்கான பெரிஸ்கோப்பின் கண் மேலே கோபுரத்துக்குள் இருக்கும். கோபுரத்தின்மேல் இரண்டு பெரிஸ்கோப்புகளுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, ஏன் என்பது இங்கே நின்றால் விளங்கிவிடும்.

மறுபடி ஒரு வட்டக் கதவு. ஒரு பக்கம் கேப்டனின் மூலை, திரை மட்டும்தான் மறைப்பு. எதிரே வானொலி அறையும் ஒலிகேட்பு அறையும். அதிகாரிகள் பகுதியைத் தாண்டி முன் டார்பிடோ அறை, இரண்டுக்கு இரண்டாக நான்கு குழாய்கள். டார்பிடோவின் விட்டம் 53.3 சென்டிமீட்டர், இது உறுதியான எண், ஆகவே அளவுகோல் வைக்க முடியாத படங்களில் குழாய்க் கதவையும் டார்பிடோவையும் வைத்தே மற்றதை ஓரளவு கணக்கிடலாம்.

உள்பகுதியில்லாத 1/72 கிட் கட்டுபவர்களும் உள்ளே போக வேண்டும் என்றுதான் சொல்வேன். டார்பிடோ ஏற்றும் மூடி, சமையல்கட்டு மூடி, கோபுர மூடி இவையெல்லாம் உள்ளே இருக்கும் அறைகளுக்கு நேர் மேலே இருக்கின்றன. உள்ளே நின்று பார்த்தால் மேல்தளத்தில் ஏதோ சில வட்டங்கள் என்று தோன்றியவை ஏன் அந்த இடத்தில், அந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கின்றன என்று புரியும், அப்புறம் கிட் தப்பான இடத்தில் வைத்திருந்தால் கண் தானாகப் பிடிக்கும்.

அன்று இரவே செய்ய வேண்டியது

விடுதிக்கு வந்ததும் படங்களைப் பகுதிவாரியாகப் பிரித்துப் பெயர் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி: போர், நார்வே, புனரமைப்பு, தெரியாது. 'தெரியாது' குவியல் பெரிதாக இருந்தால் நல்லதே, அவற்றைப் போர்க்காலப் படங்களோடு ஒப்பிடுங்கள். கேள்வித்தாளில் பதில் கிடைக்காதவை இருந்தால் மறுநாள் காலை ஒரு மணி நேரம் மறுபடி போய் வர முடியும், அதற்காகவே லபோவிலோ கீலிலோ ஒரு இரவு தங்குவது நல்லது.

அளவுகளை மாடல் அளவுக்கு மாற்றி ஒரு பட்டியல் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். நீளம் 67.23 மீட்டர் என்றால் 1/72-இல் 93.4 சென்டிமீட்டர், 1/144-இல் 46.7. அகலம் 6.20 மீட்டர், 1/72-இல் 8.6 சென்டிமீட்டர். அழுத்த உடலின் விட்டம் 4.70 மீட்டர், 6.5 சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் கைப்பிடிக் கம்பி என்றால் 0.42 மில்லிமீட்டர், அதாவது 0.4 பித்தளைக் கம்பி. கிட்டில் வரும் பிளாஸ்டிக் கம்பிகளை அளந்து பாருங்கள், தூக்கிப் போட்டுவிட்டுக் கம்பி வாங்கப் போவீர்கள்.

நிறமும் துருவும்

லபோவிலிருந்து நிறத்தை எடுத்து வராதீர்கள். இப்போது இருப்பது பல முறை அடித்த பாதுகாப்புப் பெயின்ட், போனின் கேமராவும் அதை ஒரு தடவை மாற்றிக் காட்டும். போர்க்காலச் சாம்பல் நிறங்களுக்கு ஆர்.ஏ.எல். எண்கள் (ஜெர்மன் நிறத் தரப்பட்டியலின் எண்கள்) இருக்கின்றன: மேலுடலுக்கு வெளிர்சாம்பல் 50 என்பதற்கு 7001, அடர்சாம்பல் 51 என்பதற்கு 7000, தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே அடிக்கும் அடர்சாம்பலுக்கு 7016. இந்த எண்களில் பெயின்ட் வாங்கி, 1/72-க்குக் கொஞ்சம் வெளுக்க வைத்து அடியுங்கள்.

துருவிலும் அதே எச்சரிக்கை. ஐம்பது வருஷமாக ஒரே இடத்தில் நின்று, மழைநீர் ஒரே வழியில் வழிந்து வந்த துரு வேறு, கடலில் ஓடும் படகின் துரு வேறு. ஓடும் படகில் அலை அடித்து அடித்து மூக்குப் பக்கமும் கோபுரத்தின் முன்பக்கமும் பெயின்ட் தேயும், நீர் ஓடும் துளைகளிலிருந்து மெல்லிய கோடுகள் இறங்கும், தண்ணீர்க் கோட்டில் பாசியும் உப்பும் படியும். லபோவில் பார்க்க வேண்டியது துரு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை மட்டும்: வெல்டிங் ஓரம், துளையின் கீழ்முனை, தண்ணீர் தேங்கும் மடிப்பு. அந்த இடங்கள் போர்க்காலத்திலும் அவையேதான்.

லபோ போக முடியாதவர்களுக்கு

9-ஆம் வகை கட்டுபவர்கள் சிகாகோவில் இருக்கும் யூ-505-ஐப் பார்க்க வேண்டும். 1944 ஜூன் 4 அன்று அமெரிக்கக் கடற்படை நடுக்கடலில் பிடித்த படகு, இப்போது மூடிய அரங்குக்குள் நிற்கிறது, மழையும் வெயிலும் இல்லை, வெளிப்பக்கத்தை நிதானமாகச் சுற்றலாம். 1993-இல் கடலடியிலிருந்து தூக்கிய யூ-534 இங்கிலாந்தில் பெர்கன்ஹெட்டில் இருக்கிறது, 2008-இல் அதைத் துண்டுகளாக அறுத்தார்கள், அதனால் வெளியுடலுக்கும் அழுத்த உடலுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதை வெட்டுத்தோற்றமாகவே தெரிகிறது. 21-ஆம் வகைக்கு பிரெமர்ஹாஃபெனில் 'வில்ஹெல்ம் பவுவர்' என்ற பெயரில் நிற்கும் யூ-2540. அமெரிக்கப் படகு என்றால் கிளீவ்லாந்தில் உள்ள 'காட்' என் முதல் தேர்வு, பார்வையாளர்களுக்காக அதன் உடலில் வாசல் வெட்டவில்லை, மாலுமிகள் இறங்கிய அதே மூடிகள் வழியாகத்தான் நாமும் இறங்க வேண்டும்.

நமக்குப் பக்கத்தில் என்றால் விசாகப்பட்டினம் கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா. சென்னையிலிருந்து ஒரு இரவு ரயில். சோவியத் நாட்டில் கட்டியது, 1971 போரில் பங்கெடுத்தது, 2002 முதல் அருங்காட்சியகம். 91 மீட்டர் நீளம், மூன்று புரொப்பெல்லர், 7-ஆம் வகைக்கும் இதற்கும் ஒரு விவரமும் பொருந்தாது. ஆனால் இணையாக நடந்து எடுப்பது, அளவுகோலைச் சரியான தளத்தில் பிடிப்பது, நெருக்கமான உள்பகுதியில் கூட்டத்துக்கு நடுவே வீடியோ எடுப்பது எல்லாவற்றையும் இங்கே ஒருநாள் பழகிப் பார்த்துவிடலாம். உள்ளே கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா, வழிகாட்டியோடுதான் போக வேண்டுமா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த படங்களை வீட்டில் மெஷ்ரூமில் போட்டுப் பாருங்கள், எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கேதான் படங்களின் இடைவெளி அதிகமாகியிருக்கும். அதைச் சரிசெய்துகொண்டு ஜெர்மனிக்கு டிக்கெட் போடுங்கள்.